மிகயில் ஸ்வெட்: இலையின் நிறங்களைப் பிரித்தவர்

பசிய இலை ஒன்றைப் பறித்துக் கையில் வைத்து நோக்குவோமாயின், அதன் நிறம் ஒன்றே என்று நம் கண் சொல்லும். அது மெய்யன்று. அவ்விலையினுள்ளே நீலச் சாயலுடைய பச்சை ஒன்றும், மஞ்சட் சாயலுடைய பச்சை ஒன்றும், பலவகை மஞ்சள்களும், காரட் கிழங்கிற் காணும் செம்மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. பச்சை மிகுதியாதலின் ஏனையவை அதனுள் மறைந்துபோகின்றன. இவற்றைச் சிதையாமற் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, உலகத்தார் காணும்படி செய்தவர் ருஷ்ய தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய மிகயில் ஸ்வெட் என்பவர். அவர் கண்ட முறைக்கு அவரே இட்ட பெயர் குரோமடோகிராபி. தமிழில் வண்ணப்பிரிகை என்கிறோம். இன்று மருந்து செய்யும் சாலைகளிலும், மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களிலும், உணவிற் கலப்படம் உண்டா என்று ஆராயும் இடங்களிலும் இம்முறை வழங்காத இடமில்லை. ஆயினும் அதனைக் கண்டவர், தம் வாழ்நாளில் அதற்குரிய மதிப்பைக் காணாமலே மறைந்தார். இரசாயனம் பயிலும் நம் தோழர்கள் அவர் பெயரை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். நம்மைப் போன்ற இலக்கிய மாணவர்க்கும் அவ்வரலாறு அறியத்தக்கதே.

ஸ்வெட் 1872ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ருஷ்ய அரசாங்கத்தில் உத்தியோகம் வகித்தவர். தாயார் இத்தாலிய மரபினர். பிறந்த இடமோ ருஷ்யாவன்று. இத்தாலி தேசத்தின் வடபாலுள்ள ஆஸ்தி என்னும் ஊர். குழந்தை பிறந்த சின்னாளில் தாயார் காலமானார். தந்தையார் தம் அலுவலின் பொருட்டு ருஷ்யா திரும்ப வேண்டியவரானார். ஆகவே தாயற்ற அம்மகவு ஸ்விட்ஸர்லாந்தில் செவிலி ஒருத்தியின் கையில் வளர்ந்தது. லோஸான் நகரிலும் பின்னர் ஜினீவா நகரிலும் அவரது இளமை கழிந்தது. தந்தையின் நாடு ஒன்று, தாயின் நாடு மற்றொன்று, வளர்ந்த நாடு வேறொன்று. இந்நாடோடி வாழ்வு அவரைக் கடைசிவரை விட்டதில்லை.

ஜினீவா சர்வகலாசாலையில் பௌதிகமும் கணிதமும் கற்று 1893இல் பட்டம் பெற்றார். பின்னர்த் தாவர சாஸ்திரத்திற் புகுந்து, தாவர உயிரணுக்களைப் பற்றி ஆராய்ந்து, 1896இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பௌதிகத்தை முதலிற் கற்று அதன்பின் தாவரத்தைக் கற்ற இவ்வரிசையை நாம் கருத்தில் இருத்தல் வேண்டும். இலையைப் பிறர் நோக்கியதற்கு வேறாக அவர் நோக்கியது இக்கல்வியாலேயே என்று தோன்றுகிறது.

அவ்வாண்டே அவர் ருஷ்யா சென்றார். அங்கே அவருக்குக் காத்திருந்தது பெரியதோர் ஏமாற்றம். அந்நிய தேசத்துப் பட்டம் ருஷ்யக் கலாசாலைகளில் ஆசிரியத் தொழிலுக்குச் செல்லாது. டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணாக்கர் நிலையில் நின்று, ருஷ்ய நாட்டின் பட்டங்களை ஒவ்வொன்றாகப் பெறவேண்டுமென்பது விதி. பீட்டர்ஸ்பர்க் நகரில் சிறு சிறு வேலைகளைச் செய்துகொண்டு அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்; பெண்களுக்குத் தாவர நூல் கற்பித்தார். 1901இல் கசான் சர்வகலாசாலையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். இரண்டாம் முறையாகிய டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1910இலேதான். ஆக, முதற் பட்டத்துக்கும் இரண்டாம் பட்டத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. இடையிற் செய்த வேலையோ உலகப் புகழுக்குரியது.

1902இல் வார்ஸா நகரத்துச் சர்வகலாசாலையில் உதவியாளர் பதவி கிடைத்தது. வார்ஸா அக்காலத்தில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அங்கேதான் அவரைப் பற்றியிருந்த ஒரு வினா விடை கண்டது. அவ்வினா யாதெனில்: பச்சையத்தை இலையினின்று பிரித்தெடுத்தபின், அது பெட்ரோலிய ஈதர் என்னும் கரைப்பானில் எளிதிற் கரைகிறது. ஆனால் இலையையே அரைத்து அக்கரைப்பானில் இட்டால் பச்சையம் வெளிவருவதில்லை. செம்மஞ்சள் நிறமாகிய கரோட்டின் மட்டும் வருகிறது. சிறிது ஆல்கஹால் சேர்த்தவுடன் பச்சையமும் வந்துவிடுகிறது. கரையும் பொருள் கரையாமல் நிற்பானேன்? பச்சையம் இலையில் வேறொரு பொருளோடு இரசாயன முறையிற் கூடியிருக்கிறது என்றும், ஆல்கஹால் அக்கூட்டைப் பிளக்கிறது என்றும் அந்நாளைய அறிஞர் சிலர் கருதினர்.

ஸ்வெட் அவ்வாறு கருதவில்லை. பௌதிகம் கற்றவரல்லரோ? இலையின் திசு தன் பரப்பிலே பச்சையத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அப்பற்றை விடுவிக்கப் பெட்ரோலிய ஈதருக்கு வலிமை போதாது, ஆல்கஹாலுக்குப் போதும். இவ்வளவே நிகழ்கிறது என்று எண்ணினார். எண்ணியதைச் சோதித்த விதம் மிக எளிமையானது. பிரித்தெடுத்த நிறப்பொருள்களை வடிதாளில் ஊறவைத்து உலர்த்தினார். அத்தாளைப் பெட்ரோலிய ஈதரில் இட்டார். கரோட்டின் வந்தது, பச்சையம் தாளிலேயே நின்றது. ஆல்கஹால் சேர்த்தார், பச்சையமும் வந்தது. வடிதாளில் உயிருமில்லை, இலையின் மறைபொருளுமில்லை. இலை செய்ததைத் தாளும் செய்தது. எனின், இது பரப்புக் கவர்ச்சியேயன்றி வேறன்று.

தாள் செய்வதைப் பிற பொருள்களும் செய்யுமா என்று தேடப் புகுந்தவர், நூற்றுக்கு மேற்பட்ட பொடிகளைச் சோதித்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் நிறங்களை எவ்வளவு பற்றுகிறது, பற்றிய நிறத்தைச் சிதைக்கிறதா, சிதையாமல் விடுகிறதா என்பனவே அவர் கேள்விகள். 1903ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள், வார்ஸா இயற்கை ஆராய்ச்சியாளர் சங்கத்தில் இவ்வாராய்ச்சியை அவர் எடுத்துரைத்தார். வண்ணப்பிரிகை முறை பிறந்த நாளாக அந்நாளையே இன்று பலரும் கொள்கின்றனர். ஆனால் அவ்வுரை ருஷ்ய மொழியில், அச்சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளிவந்தமையால், மேலைநாட்டு இரசாயன அறிஞர் கண்ணில் அது படவே இல்லை.

அவர் முறையைச் சிறிது விரித்துக் கூறுவோம். ஒடுங்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் நுண்ணிய வெண்பொடியை இறுக அடைப்பார். இலைச்சாற்றின் நிறங்கள் கரைந்த கரைசலை மேலே ஊற்றுவார். அது பொடியினூடே இறங்கும்போது நிறங்கள் யாவும் மேற்பகுதியிற் பற்றிக்கொள்ளும். அதன்பின் நிறமற்ற தூய கரைப்பானை மெல்ல மெல்ல ஊற்றுவார். அப்பொழுதுதான் அதிசயம் நிகழும். பொடியை இறுகப் பற்றிய நிறம் பின்தங்கும். தளரப் பற்றிய நிறம் கரைப்பானோடு விரைந்து கீழிறங்கும். ஒன்றாய்க் கலந்திருந்தவை மெல்ல விலகி, வளையல் அடுக்கியதுபோலத் தனித்தனி வளையங்களாக நிற்கும். கரோட்டின் யாவற்றிற்கும் முந்தி வெளியே ஓடிவிடும். அதன்பின் மஞ்சள்கள் சில. அவற்றின் மேல் நீலப்பச்சை வளையம். அதற்கும் மேல் மஞ்சட்பச்சை வளையம். உச்சியில் மீண்டும் ஒரு மஞ்சள். பிறகு பொடித்தூணைக் குழாயினின்று சிதையாமல் வெளியே தள்ளி, கத்தியால் வளையம் வளையமாக அரிந்து, ஒவ்வொன்றையும் தனியே கரைத்து ஆராய்வார். பச்சையம் ஒன்றன்று, இரண்டு என்று அவர் நாட்டியது இவ்வாறே. 

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலரும் இதனை விரைந்து கடந்துவிடுவர். ஸ்வெட்டின் வெற்றிக்கும், அவரைப் பின்பற்றிச் சோதித்தோரின் தோல்விக்கும் காரணம் இதிலே இருக்கிறதாகையால் நாம் சற்று நிற்போம்.

வீட்டிற் கீரை மசிப்போர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கீரையைப் புளி விட்டு வேகவைத்தால் பசுமை மாறிப் பழுப்புப் பாசி நிறம் கொள்ளும். சிட்டிகை ஆப்பச் சோடா இட்டால் பசுமை மாறாது. பச்சையத்தின் அணுக்கூட்டின் நடுவே மக்னீஷியம் என்னும் உலோக அணு ஒன்று வீற்றிருக்கிறது. அமிலம் பட்டவுடன் அது வெளியேறும். அது இருந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் அமர்ந்துகொள்ளும். பச்சை போய்ப் பழுப்பு வரும். அதற்குப் புளியே வேண்டுவதில்லை. இலையின் உயிரணுக்களுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. உயிருள்ள இலையில் அது பச்சையத்தைத் தீண்டாதபடி தனித்தனிச் சிற்றறைகளில் அடைபட்டுள்ளது. அரைத்த மாத்திரத்தில் அறைகள் உடைய, அமிலம் பச்சையத்தைத் தேடிச் சென்று கெடுக்கிறது.

இதனை அறிந்த ஸ்வெட், இலையை அரைக்கும்பொழுதே அதனுடன் சிறிது மக்னீஷியம் ஆக்ஸைடையேனும் கால்சியம் கார்பனேட்டையேனும் சேர்த்தரைத்தார். அவை அமிலத்தை அப்போதைக்கப்போதே முறித்துவிடும். குழாயில் அடைப்பதற்கு அவர் பெரிதும் விரும்பிய பொடியும் கால்சியம் கார்பனேட்டே. நாம் சீமைச்சுண்ணாம்பு என்பதும் இதுவே. அது நிறங்களை மென்மையாகப் பற்றும். அமிலம் எஞ்சியிருந்தால் அதனையும் அடக்கும். அமிலத்தன்மை சிறிதேனும் உள்ள பொடியை அடைத்திருப்பாராயின், குழாயிலே புதிய புதிய பழுப்பு வளையங்கள் தோன்றியிருக்கும். அவை இலையில் இருந்தனவா, குழாயிற் பிறந்தனவா என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு பச்சையம் உண்டென்ற அவர் கூற்று நிற்பதும் வீழ்வதும் இவ்வொரு பிடி வெண்பொடியைப் பொறுத்ததாயிற்று.

1906இல் ஜெர்மன் தாவர சங்கத்தின் ஏட்டில் இரு கட்டுரைகள் எழுதி, தம் முறையை மேலைநாட்டார்க்கு அறிவித்தார். அவற்றிலேதான் குரோமடோகிராபி என்னும் சொல் முதன்முதல் ஆளப்பட்டது. கிரேக்க மொழியில் குரோமா என்பது நிறம். கிராபேன் என்பது எழுதுதல். நிறத்தால் எழுதுதல் என்பது பொருள். ருஷ்ய மொழியில் ஸ்வெட் என்னும் சொல்லுக்கும் நிறம் என்றே பொருள்! தம் பெயரையே சிலேடையாக உள்ளே பொதிந்து வைத்தாரோ என்று சிலர் ஐயுறுவர். அவர் அதுபற்றி எதுவும் சொல்லவில்லை. சிலேடையைக் கண்டால் விடாத தமிழ் மாணாக்கர்க்கு இவ்வையம் இனிப்பதே.

அறிஞர் உலகம் அவரை வரவேற்றதா? இல்லை. கிராக்கோ நகரத்து இரசாயன ஆசிரியர் மார்ஹ்லெவ்ஸ்கி பச்சைய ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். பொடியில் ஒரு சாற்றை வடித்துப் பார்த்த மாத்திரத்தால் ஒருவர் பச்சைய நூலையே திருத்த வல்லவராகிவிடுவாரோ என்னும் கருத்துப்பட அவர் எள்ளி எழுதினார். ஸ்வெட்டும் சும்மா இருந்தவரல்லர். மறுப்புக்கு மறுப்பு, அதற்கு மறுப்பு என்று ஏடுகளிற் போர் நடந்தது. அவர் எழுத்தில் காரம் சற்று மிகுதி என்பதை அவர்பால் அன்புடையோரும் ஒப்புவர். முதியோர் பலரை அவர் வீணே பகைத்துக்கொண்டார் என்று எமக்கும் தோன்றுகிறது. 1907இல் பெர்லின் நகரில் அறிஞர் அவையிலேயே தம் குழாய்களைக் காட்டினார். நிறவளையங்களைக் கண்ணாற் கண்டோரும் முறையைக் கைக்கொள்ளவில்லை.

இன்னொரு வழக்கும் அப்பொழுது நடந்தது. ஆல்கஹாலிற் கிடந்த இலைகளிலிருந்து பச்சைப் படிகங்கள் சில கிடைத்தன. இவையே தூய பச்சையம் என்று பலர் கொண்டாடினர். ஸ்வெட் மட்டும், இது இயற்கைப் பச்சையமன்று, ஆல்கஹாலால் மாறுதலடைந்த பொருள் என்று வாதித்தார். கடைசியில் அவர் சொன்னதே உண்மையாயிற்று. இலையிலுள்ள ஒரு நொதியின் உதவியால் ஆல்கஹாலே பச்சையத்தின் ஒரு பகுதியை மாற்றி அப்படிகத்தை ஆக்குகிறதென்று நிறுவப்பட்டது. நிறுவியவர் ஸ்வெட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற வில்ஸ்டேட்டர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர்.

வில்ஸ்டேட்டர் சாதாரணர் அல்லர். பச்சையத்தில் மக்னீஷியம் உண்டென்று நாட்டியவர் அவரே. தாவர நிறங்களின் ஆராய்ச்சிக்காக 1915இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவர் மாணவர் ஸ்டோலும் ஸ்வெட்டின் முறையைச் சோதித்தனர். அவர்கள் கையாண்ட பொடி பச்சையத்துக்கு வன்மை மிக்கதாயிருந்தது. பச்சையம் அதன்மேற் சிதைந்துபோயிற்று. பொடியிற் குற்றம் என்று கொள்வதற்கு மாறாக முறையிற் குற்றம் என்று கொண்டனர். மென்மையான நிறங்களை ஆராய இது தகாது என்று அவர்கள் எழுதியதை உலகம் நம்பியது. பெரியோர் வாக்கன்றோ! 1912இல் வில்ஸ்டேட்டர் வேறொரு வழியால், இருவேறு கரைப்பான்களுக்கிடையே பங்கிட்டு, பச்சையம் இரண்டே என்று தாமும் கண்டார். ஸ்வெட் சொன்ன முடிபு நிலைபெற்றது. ஸ்வெட் கண்ட முறை மூலையில் வைக்கப்பட்டது. மற்றொன்றும் கூறவேண்டும். இரசாயன அறிஞர்க்கு அக்காலத்தில் வேண்டியது கையளவு பொருள். ஸ்வெட்டின் குழாய் தந்ததோ நகக்கண்ணளவு. அவர்கள் அதனைப் புறக்கணித்தமைக்கு இதுவும் ஒரு காரணமே.

நிற்க. பொடியும் அமிலமும் பற்றிய இவ்வழக்கு பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. இன்றைக்கும் மருந்துகளை ஆராய்வோர் நாள்தோறும் இதே கேள்வியை எதிர்நோக்குகின்றனர். அதனை இவ்விடத்தே கூறிவிடுதல் ஸ்வெட்டின் நுண்மதியை விளக்கவும் உதவும்.

இன்று குழாய்களில் அடைக்கும் பொடி பெரும்பாலும் ஸிலிக்கா, மணலின் இனத்தது. 1941இல் ஆங்கில அறிஞர் மார்ட்டின், சிஞ்ச் என்னும் இருவர் ஸிலிக்காவில் நீரை ஊறவைத்து, கம்பளி மயிரிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்கும் புதுவழி கண்டனர். அதற்கு 1952இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் பிரித்த பொருள்களுக்கு நிறமில்லை. ஆகவே மெதில் ஆரஞ்சு என்னும் சாயத்தைப் பொடியிலே கலந்துவைத்தனர். அமிலப் பொருள் இறங்கும் இடமெல்லாம் மஞ்சள் மாறிச் சிவப்பாகும். அமிலமே தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்தது. பிற்காலத்தில் இந்த ஸிலிக்காவின்மேல் எண்ணெய்த் தன்மையுள்ள கரிச்சங்கிலிகளைப் பிணைத்து, நீர் கலந்த கரைப்பானை மிகுந்த அழுத்தத்திற் செலுத்தும் வழக்கம் பரவிற்று.

அமிலப் பொருள்கள் இவ்வாறு இசைந்து நடந்தன. துன்பம் தந்தவை காரப் பொருள்கள். சிங்கோனா மரப்பட்டையின் குயினைன், அபினியின் மார்பின், புகையிலையின் நிக்கோட்டின் ஆகியவையும், நாம் உண்ணும் மருந்துகளிற் பலவும் இவ்வினத்தவை. காரப் பொருள் அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனி ஒன்றை ஏற்று நேர்மின்னேற்றம் பெறும். ஸிலிக்காவோ தன் இயல்பிலேயே மெல்லிய அமிலம். எத்தனை சங்கிலி பிணைத்தாலும் மூடப்படாத அமில முனைகள் சில எஞ்சும். கரைசலின் அமிலம் குறைந்தால் அம்முனைகள் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னேற்றம் பெறும். நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுக்குமன்றோ? காரப் பொருள் கூட்டமாய் வெளிவருவதற்கு மாறாக, ஒரு பகுதி முன்னே வர, மற்றொரு பகுதி முனைகளிற் சிக்கி, திருவிழாக் கூட்டத்தில் கடை கடையாய் நின்று வருவோரைப் போலப் பின்னால் இழுபட்டு வரும். கூர்மையாய் எழவேண்டிய வரைகோட்டு முகடு நீண்ட வால் கொள்ளும். அவ்வால் அடுத்த பொருளின்மேற் படியும்; இரண்டும் பிரிந்தும் பிரியாமற் போகும்.

பரிகாரம் யாது? கரைசலின் அமில அளவை ஆள்வதே. அவ்வளவை எண்ணாற் குறிக்கும் வழியை 1909இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வுச்சாலையில் சோரன்சன் என்பவர் வகுத்தார். அதுவே பி.எச். என்பது. ஏழு நடுநிலை, ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலம் பத்து மடங்கு மிகும். கரைசலை மூன்றுக்குக் கீழே கொணர்ந்தால் ஸிலிக்காவின் முனைகள் ஹைட்ரஜனை விடா, மின்னேற்றமும் பெறா, பிடிப்பும் இல்லை. காரப் பொருள் விரைவாகவும் கூர்மையாகவும் வந்துசேரும். எதிர்வழியும் உண்டு. பத்தளவுக்கு உயர்த்தினால் காரப் பொருள்களிற் பெரும்பாலன மின்னேற்றத்தை இழந்து, எண்ணெய்ச் சங்கிலிகளை விரும்பி நெடுநேரம் தங்கும். ஆனால் சாதாரண ஸிலிக்கா எட்டுக்கு மேலே மெல்லக் கரைந்துபோகும். பொடியே அழிந்தால் பிரிப்பது எதனை? அவ்வழிக்குக் காரத்தைத் தாங்கும் தனிப்பொடிகள் வேண்டும். இடைவழியோ மிகவும் ஆபத்தானது. ஒவ்வொரு காரத்துக்கும் சரிபாதி மின்னேற்றமும் சரிபாதி வெறுமையுமாய் நிற்கும் ஓர் அளவு உண்டு. அதற்கு இரண்டு எண் கீழே நின்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மின்னேற்றம் பெற்றுவிடும். சிறு பிழையால் தீங்கில்லை. அவ்வளவின் அருகிலேயே நின்றால், அமிலத்திற் சிறிது மாறினும் பொருள் வெளிவரும் நேரம் பெரிதும் மாறும். நேற்றுப் பிரிந்தவை இன்று கலந்து வரும். சிலர் கரைசலில் டிரை எதில் அமீன் என்னும் மற்றொரு காரத்தைச் சேர்ப்பர். அது முந்திச் சென்று முனைகளிலெல்லாம் அமர்ந்துகொள்ளும். பின்வரும் மருந்துக்குச் சிக்க இடமிராது. இலைச்சாற்றில் வெண்பொடி சேர்த்தரைத்தவரின் எச்சரிக்கைக்கும் இதற்கும் குடி ஒன்றே.

மீண்டும் வார்ஸாவுக்கு வருவோம். 1907இல் ஸ்வெட் எலேனா துருசெவிச் என்னும் அம்மையாரை மணந்தார். அடுத்த ஆண்டு அந்நகரத்துத் தொழிற்கலாசாலையில் ஆசிரியரானார். 1910இல் தாவரங்களிலும் விலங்குகளிலுமுள்ள நிறப்பொருள்களைப் பற்றி ருஷ்ய மொழியிற் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். டாக்டர் பட்டத்துக்குரிய நூலும் அதுவே. மறு ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகம் அந்நூலுக்கு அஹ்மாத்தவ் பரிசினை அளித்தது. கரோட்டினையும் அதன் இனத்தாரையும் சேர்த்துக் குறிக்கும் கரோட்டினாய்டு என்னும் சொல்லை 1911இல் ஆக்கியவரும் அவரே. சொல் உலகெங்கும் நிலைத்தது. நூல் ருஷ்ய மொழியிலேயே உறங்கிற்று.

பின்பு வந்தது பெரும்போர். 1915இல் ஜெர்மானியப் படைகள் வார்ஸாவைக் கைப்பற்றவே, தொழிற்கலாசாலை மாஸ்கோவுக்கும், 1916இல் அங்கிருந்து நிஷ்னி நொவ்கொரோத் நகருக்கும் பெயர்ந்தது. கலாசாலையோடு அவரும் பெயர்ந்தார். குழாயும் பொடியும் கொண்டு ஆராய அமைதி எங்கே? 1917இல் எஸ்தோனிய நாட்டுத் தார்த்து நகரின் சர்வகலாசாலை அவரைத் தாவர நூற் பேராசிரியராகவும் தாவரத் தோட்டத்தின் தலைவராகவும் நியமித்தது. நாற்பத்தைந்தாம் வயதில், இப்போதாவது ஒரு தோட்டமும் ஆய்வுக்கூடமும் தமக்கென்று வாய்த்தன என்று அவர் மகிழ்ந்திருக்கக்கூடும். மறு ஆண்டே ஜெர்மானியர் தார்த்துவையும் பிடித்தனர். சர்வகலாசாலையின் ருஷ்ய ஆசிரியர்கள் தென்பாலுள்ள வொரோனெஷ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஸ்வெட் அப்பொழுதே நோயுற்றிருந்தார். தொண்டை நோய் அவரை நெடுநாள் வருத்திற்று. உள்நாட்டுப் போரும் உணவுப் பஞ்சமும் சூழ்ந்த அந்நகரில் 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வயது நாற்பத்தேழு. அதற்கு முந்திய ஆண்டில், ஹாலந்து தேசத்து ஆசிரியர் ஒருவர் அவர் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்திருந்தார். பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. முறை முற்றிலும் மறக்கப்படவில்லை. அமெரிக்காவில் பாமர் என்பவர் பாலிலும் தீவனத்திலுமுள்ள மஞ்சள் நிறங்களை ஆராய அதனைக் கையாண்டு, 1922இல் தம் நூலில் ஸ்வெட்டைப் பாராட்டி எழுதினார். 1931இல் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்டு கூன் என்னும் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் எட்கர் லெடரர் என்ற இளைஞர், முட்டையின் மஞ்சட்கருவிலுள்ள நிறம் ஒன்றா பலவா என்று ஆராயப் புகுந்தார். பாமர் நூலின் வழியே ஸ்வெட்டின் பெயரை அறிந்தார். ஸ்வெட்டின் ருஷ்யப் பெருநூலைப் படிப்பது எவ்வாறு? கூனிடம் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு தட்டச்சுப் படியாக இருந்தது. அதனை அவருக்குக் கொடுத்தவர் வில்ஸ்டேட்டர். தம் சொந்த உபயோகத்துக்காகப் பல்லாண்டுகளுக்கு முன் அவரே பெயர்ப்பித்து வைத்திருந்த படி அது. தகாது என்று தாம் தள்ளிய முறையின் நூலை அவர் எறிந்துவிடாமற் காத்து வைத்தமை வியப்புக்குரியது.

லெடரர் அதனைப் படித்து, கூறியபடியே செய்தார். மஞ்சட்கருவின் நிறம் லூட்டின், ஸீயாஸாந்தின் என இரண்டாய்ப் பிரிந்து நின்றது. அவ்வாண்டிலேயே கரோட்டினும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் கண்ணாடிக் குழாய்கள் நிறவளையங்களோடு நின்றன. மஞ்சட்கருவின் நிறங்களைப் பிரிக்கக் குழாயில் அடைத்த பொடி கால்சியம் கார்பனேட்.